முப்பத்தைந்து அடி ராம்ப்

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபராணி சர்ச்சுக்குப் புறப்பட்டு, முன்னறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அப்போது இருபது வருஷமாக நெருப்பே காணாத அவள் வீட்டு ஃபயர்பிளேஸிலிருந்து கற்பூரம் மணந்தது. கூடவே பக்கத்து வீட்டுப் பூஜை மணிச் சத்தம், யாரோ காதருகே வைத்து ஆட்டுவது போலத் தெளிவாகக் கேட்டது. ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த அந்தச் சுவர் வழியாக எதுவும் வராது. இத்தனை வருஷத்தில் பக்கத்து வீட்டில் நவராத்திரிப் பாட்டுக் கச்சேரி நடந்திருக்கிறது, பிறந்தநாள் கும்மாளம் நடந்திருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்திருக்கிறது. ஒரு முணுமுணுப்புகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் கட்டியவர்கள் அப்படிக் கட்டியிருந்தார்கள்.

அது ஓர் இரட்டை வீடு. நியூஜெர்சியில், நியூயார்க் போகும் ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர். அங்கே மேப்பிள் தெரு முழுக்க இப்படித்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே பெரிய மாளிகை. மீன் செதில் மாதிரி அடுக்கிய கற்பலகைக் கூரை, இறவாரத்தின் அடியில் மரத்தில் செதுக்கிய முட்டுகள், இந்தப் பக்கம் ஒரு பிதுங்கிய ஜன்னல், அந்தப் பக்கமும் அதே ஜன்னல். இரண்டு கதவு, இரண்டு படிவரிசை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீளப் போர்ச். உள்ளே போனால் நடுவில் ஒரு பொதுச்சுவர். அதற்கு வடக்கே ஜெபராணி, தெற்கே ஸ்ரீநிவாஸ். சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டிய ஃபயர்பிளேஸ்கள்; இரண்டின் புகையையும் வாங்கிக்கொண்டு கூரைக்கு மேலே போகும் ஒரே ஒரு பெரிய செங்கல் புகைபோக்கி.

இப்படி ஒட்டிப் பிறந்த வீட்டின் இரண்டு பாதியிலும் தமிழர்களே குடிவந்தது தற்செயல்தான். வந்த புதிதில் ஜெபராணி கேக் கொடுத்தாள், ஸ்ரீநிவாஸின் மனைவி சாந்தி சுண்டல் கொடுத்தாள். ஸ்ரீநிவாஸ் அவளை 'அக்கா' என்றான். அவளும் மனதுக்குள் அவனை 'அவர்' என்றுதான் வைத்திருந்தாள். 'அவன்' ஆனது பிறகு.

எப்போது ஆனது என்பதையும் அவளால் நாள் கிழமையோடு சொல்ல முடியும். முந்தின வருஷம் ஜனவரியில் அவள் கணவன் கிருபைராஜுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் ஐந்து நாற்பது ரயில் போகும்போது போர்ச்சில் உட்கார வேண்டும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். ரயிலைப் பார்த்துக் கையசைக்காமல் அவருக்கு ஒரு நாள் முடியாது. ஆனால் போர்ச்சிலிருந்து தெருவுக்கு ஐந்து படி. வீட்டுக்கதவிலிருந்து போர்ச்சுக்கு உயரமான ஒரு நிலைப்படி. பின்வாசல் இன்னும் மோசம். ஒரு ராம்ப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். முப்பத்தைந்து அடி நீளம், நடுவில் ஒரு திருப்பம். கதவிலிருந்து போர்ச்சைத் தாண்டித் தெருவரை சக்கர நாற்காலி ஓடும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகலாம்.

பழைய வீட்டின் முகப்பில் ஓர் ஆணி அடிப்பதற்கும் ஊரின் பழங்கட்டடக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். குழுவின் தலைவர் ஸ்ரீநிவாஸ். கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜருக்கு விக்டோரியன் வீடுகளின் மேல் திடீர்க் காதல் வந்து, நாலு புத்தகம் படித்து, அமெரிக்கர்களுக்கே பாடம் நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தான். பக்கத்து வீட்டு விஷயம் என்பதால் அவன் ஒதுங்கியிருக்க வேண்டும். ஒதுங்கவில்லை. "பக்கத்து வீடு என்பதால்தான் அந்தப் போர்ச்சை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது" என்று மைக்கில் சொன்னான். மார்ச்சில், ராம்ப் ஒரு பக்கம் மட்டும் வந்தால் வீட்டின் சமச்சீர் கெடும், வரைபடத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றான். ஏப்ரலில் கைப்பிடிக் கம்பியின் வடிவம் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை, அடுத்த மாதம். மே மாதம் மரத்தின் நிறம். மூன்று தடவையும் அவளை 'மேடம்' என்றான்.

மூன்றாவது தடவை முடிந்து வெளியே வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள்.

"ஸ்ரீநிவாஸ், அவர் நாலு மாசமா வெளிக்காத்து பாக்கலை. உங்களுக்குத் தெரியும்ல?"

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தருக்கு ஃபேவர் பண்ணா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அதுவரைக்கும் பே விண்டோகிட்ட பெட்ட போடுங்களேன். அங்கேர்ந்து வியூ பிரமாதமா இருக்கும்."

ஜூன் இரண்டாம் தேதி கிருபைராஜ் அந்த ஜன்னலோரத்திலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்து பதினோராம் நாள் தபாலில் அனுமதிக் கடிதம் வந்தது. அழகான தடித்தாள், கீழே ஸ்ரீநிவாஸின் கையெழுத்து. அன்றைக்கு ஜெபராணி அழவில்லை. கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தாள். மடக்கிய சக்கர நாற்காலியை பேஸ்மென்ட்டில் துணி போட்டு மூடினாள். டயாலிசிஸ் நர்ஸாக முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்குக் காத்திருக்கத் தெரியும். பழங்கட்டடக் குழு வெளியிட்ட எண்பத்தாறு பக்கக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். புருஷன் செத்த துக்கத்துக்கு மற்றவர்கள் பைபிளில் சங்கீதம் படிப்பார்கள். அவள் இறவார முட்டுகளைப் பற்றிப் படித்தாள். ஒரு வருஷம் படித்தாள்.

அதனால்தான் கற்பூர வாசனை வந்ததும் அவள் மூளை சர்ச்சுக்குப் போகவில்லை. சுவரில் ஏதோ குறைந்திருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. அவள் ஜூலை முழுக்கச் சென்னையில் இருந்தாள், ஜூனிலிருந்து தள்ளிப்போன கிருபைராஜின் முதல் வருஷ நினைவுக் கூட்டத்துக்காக. ஏதோ நடந்தது அந்த ஒரு மாதத்தில்தான்.

மறுநாள் சாந்தி கொல்லைப்புறத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஜெபராணி வேலியோரம் போய்ச் சும்மா பேச்சுக் கொடுத்தாள். சாந்தி கபடில்லாதவள், கேட்டதற்கு மேல் சொல்லுவாள்.

"அத ஏன் கேக்கறீங்க அக்கா. எங்க பொண்ணு ஹம்சாவுக்கு மூணு வருஷமா அலையன்ஸ் பாத்து எல்லாமே லாஸ்ட் மினிட்ல தட்டிப்போகுது. சென்னைல ஒரு வாஸ்துக்காரர், வாட்ஸப்ல பிளான் அனுப்பினோம். பாத்த உடனே சொல்லிட்டாரு, ஈசானிய மூலைல நெருப்புக் குழி வெச்சுண்டு எப்படிம்மா கல்யாணம் நடக்கும்னு. அங்க பூஜைதான் இருக்கணுமாம். அதான் இவர் ஆள் வெச்சு எடுத்துட்டாரு. மூணே நாள்ல முடிச்சுட்டா."

"பெர்மிட் வாங்கினீங்களா சாந்தி?"

"உள்வேலை தானே அக்கா, அதுக்கெல்லாம் எதுக்குன்னாரு."

ஜெபராணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்றேகால் வருஷத்தில் முதல் சிரிப்பு. வீடு கிழக்குப் பார்த்தது. பொதுச்சுவர் அவனுக்கு வடக்கே இருக்கிறது, அதனால் முன்னறை ஃபயர்பிளேஸ் அவன் பக்கத்தில் ஈசானியம். அதே சுவர் இவளுக்குத் தெற்கே. அதே ஃபயர்பிளேஸ் இந்தப் பக்கம் அக்னி மூலை, நெருப்புக்கென்றே விதித்த இடம். வாஸ்துவைத் திரும்பியும் பார்க்காத கிறிஸ்தவச்சி வீட்டில் வாஸ்து கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. சமச்சீர் சமச்சீர் என்று தொண்டை கிழியக் கத்தினவனுக்கு, கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்பது உறைக்கவில்லை.

சனிக்கிழமை பட்டப்பகலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினாள். அந்த வீட்டுப் பொதுச்சுவர் பரணில் இடுப்பளவோடு நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுப் பரண் தெரியும். நடுவில் புகைபோக்கி, ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கனத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டு நின்றது. இவள் பக்கத்துச் செங்கல் தரைக்குள் இறங்கிக் கீழே போயிற்று. அவன் பக்கத்துச் செங்கல் போகவில்லை. கீழே இரண்டு மாடியிலும் ஃபயர்பிளேஸை அடியோடு பெயர்த்துவிட்டு, மேலே மிச்சமிருந்ததை இரண்டு மரக்கட்டையில் தூக்கி நிறுத்தியிருந்தான். கட்டைகளில் கடை ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. அத்தனை டன் செங்கலும் நேர்கீழே பூஜையறையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெபராணி பல கோணங்களில் போட்டோ எடுத்தாள்.

ஆபத்து என்று தெரிந்த அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அக்டோபரில் விக்டோரியன் வீடுகளின் சுற்றுலா நாள் வருகிறது, முதல் வீடு ஸ்ரீநிவாஸுடையது, வாசலில் இப்போதே பலகை நட்டிருக்கிறான். இத்தனை நாள் காத்தவள் அதுவரை காத்தால் என்ன? அந்த ஏழு வாரமும் தினம் காலையில் சாந்தியின் பூஜை மணி கேட்டதும் அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். மணி நின்று, சாந்தி அடுக்களைக்குப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் காபி இறங்கும். காபி இறங்கியதும் கோபம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சுற்றுலாவுக்கு மூன்று நாள் முன்பு கட்டட அலுவலகத்துக்குக் கடிதம் போனது. போட்டோக்கள், கையேட்டின் பக்க எண்கள், கூடவே தலைவரின் பழைய தீர்ப்பிலிருந்து ஒரு வரி: 'பொதுவான அமைப்பில் கைவைக்கும் எவரும் மறுபாதியின் உரிமையையும் மதிக்க வேண்டும்.' வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பரணிலிருந்து இறங்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது. செங்கல் விழுந்தால் தெற்குப் பக்கமே விழும் என்பதால் அந்தப் பாதியை மட்டும் காலி செய்யச் சொல்லி, முன்கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார். ஆட்கள் வந்து பூஜையறைக்கு நடுவில் இரும்பு முட்டுகளை நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை நாற்பது ஐம்பது பேர் கையில் வரைபடத்தோடு நடைபாதையில் நின்று சிவப்புத் தாளைப் படித்தார்கள். ஜெபராணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தாள்.

"உள்ளே வாருங்கள். நூற்று முப்பது வருஷத்துப் பளிங்கு ஃபயர்பிளேஸ், அப்படியே இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் வரவேற்றாள். "இதன் ஜோடி எங்கே?" என்று ஒரு கிழவர் கேட்டார். "அதோ, அந்த மரத்தடியில் நிற்கிறாரே, முன்னாள் தலைவர். அவரைத்தான் கேட்க வேண்டும்."

ஸ்ரீநிவாஸ் அதற்கு முந்தின நாள்தான் பதவியை விட்டிருந்தான். ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஜெபராணிக்கு அன்று மூன்று வேளையும் நன்றாகப் பசித்தது.

அடுத்த வாரம் அவன் வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான். ஃப்ரீவே ஓரத்து மோட்டலில் அவனும் சாந்தியும் ஒரே அறையில் கிடக்கிறார்கள். புகைபோக்கியைத் தாங்க இரும்பு உத்தரம் வைக்க வேண்டும், அதன் ஒரு முனை பொதுச்சுவரில் உட்காரும், இவள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் முடியாது.

"அக்கா, தப்பு எம்மேலதான். சைன் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க, பிளீஸ்."

"பண்றேனே. ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க அக்கா."

"எங்க ராம்ப் பெர்மிட் எக்ஸ்பையர் ஆயிடுச்சு. நீங்க உங்க பேர்ல புதுசா அப்ளை பண்ணுங்க. நீங்களே மைக் முன்னாடி நில்லுங்க. எதுக்குன்னு கேப்பாங்க. உண்மையான காரணத்தச் சொல்லணும். என்னிக்கு அப்ரூவ் ஆகுதோ, அன்னிக்கே சைன் போடறேன்."

"ராம்ப் இப்ப யாருக்கு அக்கா?"

"அதையும் அங்கயே சொல்லுங்க."

சாந்தி பின்னால் நின்றிருந்தாள். கிருபைராஜ் படுத்திருந்த ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் ரசம் வைத்து, ஸ்பூனால் ஊட்டிவிட்டுப் போனவள். "அக்கா, இதுல என்னையும் சேத்துத் தண்டிக்கறீங்க" என்றாள்.

"தெரியும் சாந்தி. உனக்கு எங்க வீட்ல ரூம் இருக்கு. இன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு வா."

எல்லாரும் ஆச்சரியப்படும்படி சாந்தி வந்துவிட்டாள். மோட்டலில் மூட்டைப்பூச்சி என்று சொன்னாள். அது மட்டும்தானா காரணம் என்று ஜெபராணி கேட்கவில்லை. சாந்தி கீழறையில் படுத்தாள், புருஷன் மோட்டலில் தனியாக. தன் திட்டத்திலேயே இல்லாத இந்த லாபத்தை நினைத்து ஜெபராணி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள், சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள்.

நவம்பர் கூட்டத்தில் அரங்கு நிறைந்திருந்தது. ஜெபராணியும் சாந்தியும் இரண்டாம் வரிசையில். புதுத் தலைவி விட்காம் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பேச மூன்று நிமிஷம்.

"ராம்ப் யாருக்காக, மிஸ்டர் ஸ்ரீநிவாஸ்?"

"என் பக்கத்து வீட்டுக்காரர், கிருபைராஜ்."

"அவர் இப்போது அந்த முகவரியில்தான் இருக்கிறாரா?"

அவன் தாளைப் பார்த்தான். தாளில் அதற்குப் பதில் இல்லை. திரும்பி ஜெபராணியைப் பார்த்தான். அவள் இமைக்கவில்லை.

"இல்லை. இறந்துவிட்டார். உயிரோடு இருக்கும்போது மூன்று தடவை கேட்டார்கள்." தாளை மடித்தான். "நான் மூன்று தடவை ஒத்திவைத்தேன். முதலில் சமச்சீர் என்றேன். பிறகு கைப்பிடி என்றேன். கடைசியில் மரத்தின் நிறம் என்றேன். நிறம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என் வீட்டு முகப்பில் ராம்ப் வருவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் வெளியே வராமலே செத்துப்போனார்."

மூன்று நிமிஷம் முடிந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் ஜெபராணி இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வெளியே வந்தது. பக்கத்தில் சாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விட்காம் அம்மாள் தொண்டையைச் செருமினார். இரங்கல் தெரிவித்தார். பிறகு வரைபடத்தைப் புரட்டினார். ராம்ப் ஒரு பக்கம் மட்டும் வருவதால் முகப்பின் சமச்சீரைப் பற்றிக் குழுவுக்குக் கவலை இருக்கிறது. திருத்திய வரைபடத்தோடு அடுத்த மாதம் வரலாம்.

ஸ்ரீநிவாஸ் நடைவழியில் அவள் அருகே வந்து நின்றான். "அக்கா... ஸ்னோ வந்துடும். வீடு அப்படியே கிடக்கு. இன்னும் ஒரு மாசம்னா..."

"ஒண்ணு ஆச்சு" என்றாள் ஜெபராணி.

டிசம்பரில் கைப்பிடியைச் சொன்னார்கள். ஜனவரியில் கூட்டத்துக்குப் போதுமான உறுப்பினர்கள் வரவில்லை. தான் எழுதிவைத்த விதிகளையே ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்க, ஸ்ரீநிவாஸ் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அன்று மாலையே ஜெபராணி அவன் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சொன்ன சொல் சொல்தான்.

ஏப்ரலில் இரும்பு உத்தரம் ஏறியது. அதே வாரம் ராம்பும் முடிந்தது. முப்பத்தைந்து அடி, நடுவில் ஒரு திருப்பம், தெருவிலிருந்து போர்ச்சின் வடக்கு மூலைக்கு. அவன் உயிராகக் காத்த முகப்பு ஒரு பக்கம் சாய்ந்தது போல ஆகிவிட்டது. ஆட்கள் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அவன் தன் படியேறப் போனான்.

"இருங்க ஸ்ரீநிவாஸ்."

ஜெபராணி பேஸ்மென்ட்டிலிருந்து சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதையில் விரித்தாள். துணியை உதறினாள். சீட்டைத் துடைத்தாள். கால் வைக்கும் தட்டு இரண்டையும் இறக்கிவிட்டாள். மணி ஐந்து முப்பத்தைந்து; ரயிலுக்கு ஐந்து நிமிஷம்.

"தள்ளுங்க" என்றாள்.

அவன் காலி நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாந்தி போர்ச்சில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் கைப்பிடியைப் பற்றித் தள்ள ஆரம்பித்தான். இதைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் அவன் நடையில் இருந்தது. திருப்பத்தில் சக்கரம் கட்டையில் இடித்துக் குலுங்கியது.

நாற்காலியின் கையில் கைவைத்துக் கூடவே நடந்துகொண்டிருந்த ஜெபராணி, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மெதுவாப் போங்க. வேகமாத் தள்ளினா அவருக்குப் பயம்."